நிலவரம், பேரணாம்பட்டு

எக்செல் கோப்புக்கு நான் வைத்த பெயர் ‘நிலவரம்’.
தலைப்பில் நாடு, ஆர்டர் எண், ஜோடி, குறிப்பு.
அரசாங்கங்களை ஒப்பிடச் சொல்லி
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எந்தப் பெட்டியை ஏற்றலாம், எதை நிறுத்தலாம்,
அவ்வளவுதான் முதலாளிக்கு.

மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைத்தது.
தோல் ஷெட்டுகள் மூடி பத்து நாள்.
“இது என்னம்மா வாசனை?” என்றான் மகன்.
வேப்பம்பூ. இத்தனை வருஷமும் இங்கேதான் பூத்திருக்கிறது.

இத்தாலி முதலில் நின்றது.
ஃபாப்ரீட்சியோ அரை யூரோவுக்கு மூன்று மெயில் போடுகிறவர்.
அந்த வாரம் ஒரே வரி:
ரொட்டி வாங்க வெளியே போகவும்
ஒரு தாள் நிரப்ப வேண்டியிருக்கிறது.
ஹோல்டு என்று அடித்தேன்.

ஹெல்கா ரத்து செய்தாள், மன்னிப்போடு.
வேலை இல்லை; ஆனால் சம்பளத்தில் அறுபது சதம்
அரசாங்கம் போட்டுவிடுகிறதாம்.
பால்கனியில் தக்காளி நட்டிருக்கிறாள்,
படமும் வந்தது.
அதை நான்காம் லைன் வாட்ஸ்அப் குழுவில் போட்டது
என் தவறு.
நாகரத்தினம்மா குரலில் கேட்டாள்:
“அறுபதுன்னா பீஸ் ரேட்டுலயா மேடம்,
மாசச் சம்பளத்துலயா?”

சுவீடன்காரருக்குக் கோபம்.
கடை திறந்திருக்கிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள்,
உங்கள் பெட்டி மட்டும் எங்கே?
துறைமுகத்தில் என்று எழுதினேன்.
ஜூனில் அவரே எழுதினார்,
மாமியார் இருந்த இல்லத்தில்
ஒரு தாழ்வாரம் முழுக்கக் காலி என்று.
ஆர்டரைப் பற்றி ஒன்றும் இல்லை.
குறிப்புக் கட்டத்தில் என்ன போடுவது?
முன்பு போட்ட ‘அவசரம்’ அப்படியே நிற்கிறது.

பிரேசிலில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
ஓடுது, எல்லாம் ஓடுது,
வெறும் சளிதான்னு மேலிடமே சொல்லுது!
அதற்குப் பிறகு நான் அனுப்பியவை
ஒற்றை டிக்கோடு நிற்கின்றன.

நியூசிலாந்திலிருந்து படம்:
ஐந்து வாரம் பூட்டினோம், இப்போது ரக்பி.
கூட்டம், முகமூடி இல்லாத சிரிப்பு.
அத்தனை பற்களை ஒன்றாகப் பார்த்து நாளாகியிருந்தது.
பழைய வட ஆற்காட்டைவிடக் குறைவான ஜனம்,
சுற்றிலும் கடல்.

எங்களுக்குக் கடல் இல்லை.
அதனால்தான் ஏப்ரலில் சைனகுண்டாவில் சுவர் வைத்தார்கள்,
தார்ச்சாலையின் குறுக்கே ஹாலோ பிளாக்.
இந்தப் பக்கம் குடியாத்தம், அந்தப் பக்கம் சித்தூர் ஜில்லா.
நாகரத்தினம்மாவின் புருஷன் அந்தப் பக்கம்,
பலமநேர் தக்காளி மண்டியில் மூட்டை தூக்க.
பேச்சு கிளம்பியதும் சுவரை இடித்துவிட்டார்கள்.
அவன் வர மேலும் இருபத்தாறு நாள் ஆனது.
சுவர் இல்லாத இடத்திலும் போலீஸ் இருந்தது.

வாங்குகிறவர்கள் மட்டும் இருக்கும் பட்டியல் அது.
நாங்கள் விற்கிறவர்கள்.
ஒரு ராத்திரி பதினைந்தாவதாக ஒரு வரிசை சேர்த்தேன்.
நாடு: இந்தியா.
ஆர்டர் எண்: இல்லை.
ஜோடி: நான்காம் லைன், நாற்பத்தாறு பேர், தொண்ணூற்றிரண்டு கால்.
குறிப்பு: இரவு எட்டு மணிக்குச் சொன்னார்கள்,
பன்னிரண்டுக்குப் பூட்டினார்கள்.
ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய், டோக்கன் வாங்கி.
அரிசி வந்தது, பருப்பு வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.
கம்பெனி கொடுத்தது அட்வான்ஸ்,
தீபாவளி போனஸில் பிடித்தம்.
கட்டம் போதாமல் எழுத்து
பக்கத்துக் கட்டத்தில் வழிந்தது.

காலையில் முதலாளி போன் செய்தார்.
“இது என்னம்மா, யார் ஆர்டர்?
பையருக்கெல்லாம் போற ஷீட், எடுத்துடு.”

அழிக்கவில்லை. மறைத்தேன்.
ஓரத்து எண்களை யாராவது ஒழுங்காகப் பார்த்தால் தெரியும்:
பதினான்குக்கு அடுத்தது பதினாறு.

நாகரத்தினம்மாவுக்கு இன்னும்
பதில் சொல்லவில்லை.