ஏழுக்குப் போகும்

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
ரத்த வங்கியின் குளிரிலிருந்து வெளியே வந்தால்
தோட்டப்பாளையத்துக்கு அதற்குள் வேர்த்திருக்கும்.
இங்கே மணி ஆறு, அமெரிக்காவில் இன்னும் நேற்று.
பக்கிரி டீக்கடையில்
சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்த என் போனில்
பச்சையும் ஊதாவும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்.

பணம் கட்டுவதில்லை. தோற்றவர் டீக்காசு தர வேண்டும்.
கிழித்த காலண்டர் தாளின் முதுகில் கணிப்பை எழுதி
ஊதுபத்திக் கிண்ணத்தடியில் செருகிவிட வேண்டும்.
அப்புறம் திருத்தக் கூடாது.

நஸ்ருல்லா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன்.
ஆட்டக்காரர் முகத்தைப் பார்க்கவே மாட்டான்.
"பச்சையில ஒரு நெட்டையன் கீறான் பாரு,
வலது குதிகால அமுக்கி வைக்கிறான்.
சோல் பொய் சொல்லாது.
ஊதா, நாலுக்கு ரெண்டு."

எப்சிபா எலும்பு வார்டு நர்ஸ்.
"குதிகால் இல்ல, முட்டி.
அந்த முட்டி இங்க வந்தா இன்னிக்கே பெட் போடுவோம்.
ஆனா வலியோட நடக்கறவங்கள எனக்குத் தெரியும்.
பச்சைதான்."

தயாநிதி காட்பாடியில் டிக்கெட் பரிசோதகர்.
எந்த வருஷமும் ஒரே வரி:
ஏழுக்குப் போகும்.
ஜெயிப்பது யாரென்று எழுத மாட்டார்.
"நேரத்துக்கு முடிஞ்சது எதுனா நீ பாத்துக்கிறியா?"

என்னை எழுதவே விடுவதில்லை.
நான் சொன்ன அணி தோற்கும்.
ஒன்பது வருஷமாக, ஒரு தடவைகூடத் தவறாமல்.
ஊரைப் பற்றி ஒரு வசவு உண்டே,
நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று,
அதில் விட்டுப்போன ஒன்று
நாங்கள் ஆடிய திடலின் வலையில்லாத வளையம்.
பந்து உள்ளே விழுந்ததா, ஓரமாய்ப் போனதா,
இருட்டும்வரை சண்டை.
மாவட்ட இறுதியில்
"நாமதான்" என்று ஒருமுறை வாய்விட்டேன்.
அன்று தொடங்கியது.

ஊதா இரண்டு ஜெயித்தது. பச்சை இரண்டு.
ஐந்தாவதில் நெட்டையன் விழுந்தான்.
நஸ்ருல்லா கைதட்டி, பாதியில் நிறுத்தி,
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பன் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தான்.
"அங்க அழுத்தாதீங்கடா" என்று
திரையிடம் சத்தம்போட்டாள் எப்சிபா.
அந்த ஆட்டம் ஊதாவுக்கு.
ஆறாவதில் கட்டுப்போட்ட முட்டியோடு வந்தான்,
மூன்றுக்கு மூன்று ஆக்கினான்.
தயாநிதி எதுவும் சொல்லாமல்
இன்னொரு மசால்வடை எடுத்துக்கொண்டார்.

ஏழாவதன்று ஆளுக்கொரு கீரைவடை
என் முன்னால் லஞ்சமாக வந்தது.
"ஊதான்னு சொல்லேன்."
"இல்ல, பச்சைன்னு சொல்லு."
இரண்டையும் தின்றேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசி நான்கு நொடி. பச்சை ஒரு புள்ளி பின்னால்.
நெட்டையன் எம்பினான், பந்து கையைவிட்டது,
வளையத்துக்கு ஒரு சாண் மேலே
போன் நின்றுபோனது.
பந்தின்மேல் ஒரு வெள்ளை வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஓரம்" என்றான் நஸ்ருல்லா.
"உள்ள" என்றாள் எப்சிபா.
தயாநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
எக்ஸ்ரே உறையோடு டீக்கு நின்றிருந்த ஜார்க்கண்ட்காரர்
எட்டிப் பார்த்தார். எந்த அணி, என்ன ஆட்டம்,
எதுவும் தெரியாது அவருக்கு.
"ஜாயேகா" என்றார், உறுதியாக.
பிறகு எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.
ஆறாத டீயை ஒரே மடக்காய்க் குடித்து
நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

ஆம்பூர் பஸ் ஹாரன் அடித்தது.
இன்னொரு நாள் லேட்டானால் சீட்டுக் கிழியும்.
பின்னாலேயே பார்த்தபடி ஓடி ஏறினான் நஸ்ருல்லா.

சிக்னல் வந்தபோது சிமெண்ட் விளம்பரம்.
அதன் பிறகுதான் தெரிந்தது.

பள்ளிகொண்டா டோல்கேட்டிலிருந்து கூப்பிட்டான்.
"தெரிஞ்சுதா?"
"ம்."
"சொல்லாத. மாதனூர் வரைக்கும்
பந்து மேலயே இருக்கட்டும்."
போனை வைக்கவில்லை அவன்,
பஸ் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
நாக்கு எரிந்தது எனக்கு.
பக்கிரி நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்:
"அஞ்சு டீ, நாலு வடை.
யார் கணக்குல எழுத?"