பக்கத்துக்கு முன்னூறு

துய்மா வீதி மாடியறை.
கிரெத்தேய் நீதிமன்றத் தீர்ப்பைத்
தமிழாக்குகிறேன்.
பக்கத்துக்கு முன்னூறு, முத்திரைக்குத் தனி.

"குழந்தையின் வழக்கமான வசிப்பிடம்: பிரான்ஸ்"
என்கிறது நான்காம் பக்கம்.
குழந்தையோ எதிர் நாற்காலியில்
முத்தியால்பேட்டைப் பள்ளிச் சீருடையில்
என் ஸ்டாப்ளர் பின்களை எண்ணுகிறது.

"திருப்பி அனுப்பணும்னு போட்டிருக்கா சார்?"
அமலோர்பவம் மூன்றாம் முறை கேட்கிறாள்.
அந்த வினைச்சொல்லில்தான்
அரை மணி நேரமாய் நிற்கிறேன்.
கடனைத் திருப்பலாம்,
கடையில் வாங்கிய செருப்பைத் திருப்பலாம்.

பன்னிரண்டு பக்கத்தில்
அப்பா பெயர் முப்பது இடம்,
அம்மா பெயர் இருபத்தேழு.
பிள்ளை பெயர் ஒரே இடம், அதுவும்
தேமொலி என்று.

மூலத்தைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.
ஓரத்தில் பென்சிலால்
சின்னதாய் ஒரு ழ போட்டேன்.

எட்டிப் பார்த்தவள்
பென்சிலைப் பிடுங்கி
அதன் வாலை
இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டாள்.