பின்னணியில் ஓடுபவை

கீழ்த்தளத்தில் மலாய்க் கல்யாணம்.
சுவா சூ காங்கில் பதினோராவது மாடிவரை
கொம்பாங் சத்தம் படியேறி வருகிறது.
படியேறி வந்தும்
எங்கள் கணினியை முந்திவிட்டது.

பொத்தானை அமுக்கி ஒன்பது நிமிடம்.
கோப்பி ஆறி ஏடு கட்டியாயிற்று.
நீலத் திரையில்
புள்ளிகள் இன்னும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

இன்றைக்கு விடுவதில்லை என்று
மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினேன்.
பட்டியல் திறந்தது.
கூப்பிடாமலே வந்து
கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்
இத்தனை பேரா?

அச்சுப்பொறியின் ஏவலாள் ஒருவன்.
அச்சுப்பொறியைத் தூக்கிக் கடாசி
மூன்று தீபாவளி போய்விட்டது.
மை இருக்கிறதா என்று இவன் மட்டும்
நிமிடத்துக்கொரு தரம் எழுந்து பார்க்கிறான்.

பரிதியின் விளையாட்டு.
பரிதி தெக்கோங்கில்
மொட்டைத் தலையோடு மண்ணில் ஊர்கிறான்,
முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்களாம்.
அவன் படை இங்கே
ஆயுதம் தாங்கிக் காத்திருக்கிறது.

சந்தா முடிந்துபோன வைரஸ் காவலன்.
'நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்'
என்று தினமும் சிவப்பில் சொல்லிவிட்டு
அறுபத்தொன்பது வெள்ளி கேட்பான்.
ஆபத்தில்தான் இருக்கிறோம் தம்பி,
தள்ளுபடி ஏதாவது உண்டா?

கீரை ஆய்வதுபோலத்தான் இதுவும்.
வேண்டாதது எதுவென்று கைக்கே தெரிந்துவிடுகிறது.

பிறகு அந்த ஒன்று.
பெயர் சாதுவாக இருந்தது.
எங்கோ இருக்கும் ஒருவர்
இந்தக் கணினியை ஓட்டுவதற்கு
வழி விடுவது அதன் வேலை.
நிறுவிய நாள்: சென்ற ஆண்டு மார்ச் பதினான்கு,
பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

அந்நேரம் நான் பாசிர் பாஞ்சாங்கில்
கண்டெய்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.
பரிதி கல்லூரியில்.
வீட்டில் இருந்தது
ஆட்குறைப்பாகி ஐந்தாவது வாரத்தில்
அவர் மட்டும்.

அடுத்த மாதம்தான்
'பினாங்கு வேண்டாம், அங்கே வெயில்' என்றார்,
சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு.
சைக்கிளை விற்றார்.
முழங்கால் வலி என்றார்.
நானும் கோடாலித் தைலம் வாங்கி வந்து
இரண்டு வாரம் தேய்த்துவிட்டேன்.
நல்ல முழங்கால்.

'நீக்கு' என்றேன்.
நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டது.
நிர்வாகி அவர்.

"என்னங்க, ஒரு பாஸ்வேர்ட் போடணும்."

வந்தார். கண்ணாடியைத் தேடி
சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
திரையில் இருந்தது ஒரே வரி.
அவர் அதைப் படித்து முடிப்பதற்குள்
கொம்பாங் மூன்று சுற்று முழங்கி
ஓய்ந்தது.

அடுத்தவர் கடவுச்சொல் போடும்போது
பார்க்காமல் இருப்பது மரியாதை.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
எதிர்ப் புளோக்கின் மூங்கில் கழியில்
யாருடைய சட்டையோ,
ஒரு கை மட்டும் ஆடியது.

ஆறு தட்டல். தவறு.
மறுபடியும் ஆறு, மெதுவாக.
'எவ்வளவு?' என்ற சொல்
என் நாக்குக்குப் பின்னால்
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.
அதை நிறுத்துவதற்கு
எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும்?

நீங்கிவிட்டது என்றது திரை.
உடனே இன்னொரு பெட்டி:
பதினேழு புதுப்பிப்புகள் காத்திருக்கின்றன.
இப்போதா, பிறகா?

ஓராண்டாகப் 'பிறகு'.
ராத்திரி இரண்டு மணிக்குத் தானாகவே நடக்கட்டும் என்றால்
ராத்திரியில் நாங்கள்
கணினியை அணைத்துவிட்டுப் படுக்கிறோம்.
மின்கட்டணம்.

சுட்டியின் மேல் அவர் கை அப்படியே இருந்தது.
"இதுக்கு நேரமாகுமே."
"ஆகட்டும்."

அமுக்கினார்.
நான்கு விழுக்காடு.
கணினியை அணைக்காதீர்கள் என்றது.
கீழே சாப்பாடு தொடங்கிவிட்டதுபோல,
நெய்ச்சோற்று வாசம்.

அறைக்குத் திரும்பவில்லை அவர்.
பரிதியின் நாற்காலியை இழுத்துப் போட்டுப்
பக்கத்தில் உட்கார்ந்தார்.
தொண்டையைச் செருமினார்.

ஏழு.
ஏழிலேயே நிற்கிறது.