தோள் கொடுத்தல்

புயலில் கப்பல் வரவில்லை, ஆகவே ஆரஞ்சு இல்லை.
செயின்ட் ஜான்ஸ் கடைகளில் மூன்று நாளாகப் பழத்தட்டு
வெறும் தட்டு.
டிசார்ட் கோழித்தொடை வாங்கி வந்தாள்,
இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு.
"தோல், கொழுப்பு, தசை. உங்களுக்கும் இதே வரிசைதான்."
எங்களைவிட மூன்று வருடமே மூத்தவள்.
ஆய்வக அலமாரிக் கதவில் அவள் கீறிய பெயரை
இன்னும் யாரும் அழிக்கவில்லை.

கோழி பல்லைக் கடிக்கவில்லை.
கோழி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.
எல்லோரும் தேறினோம்.

பிறகு சட்டைக்கையைச் சுருட்டச் சொன்னாள்.
மருந்தில்லை, வெறும் உப்புநீர், அரை மில்லி.
ஆனால் ஊசி ஊசிதான்.

எனக்கு வாய்த்த ஜோடி கோரி நாஃப்டால்.
பதினொரு வயதில் கட்டைவிரலில் ஏறிய தூண்டில் முள்ளைத்
தானே இடுக்கியால் பிடுங்கியவன்.
காட் மீனைப் பேச்சு நிறுத்தாமல் கிழிப்பவன்.
இன்று பஞ்சு உறையைப் பிரிக்கவே
மூன்று முறை தவறினான்.

தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு விரல் கீழே
என்கிறது பாடநூல்.
யாருடைய விரல் என்று சொல்லவில்லை.
அவனுடைய இரண்டு எனக்கு மூன்றரை.

"வலிக்காது" என்று ஆரம்பித்தான்.
முதுகைத் திருப்பியிருந்த டிசார்ட்
அப்படியே நின்றபடி கேட்டாள்:
"உனக்கு எப்படித் தெரியும்?"
"வேற என்ன சொல்ல?"
"போடட்டுமான்னு கேள். பதில் வர்ற வரைக்கும் நில்."

கேட்டான்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று:
ஒன்பதாம் வகுப்பில், பள்ளி விளையாட்டு அரங்கில்,
என் முறைக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருக்க,
மயங்கி விழுந்தேன்.
முன்பல்லின் ஒரு மூலை
அந்த மரத்தரையில்தான் எங்கோ கிடக்கிறது.
மருந்தாளர் என்றால் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்
என்று நம்பித்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.
அதற்குள் கவுண்டருக்கு வெளியே
ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள்.

"இரு" என்றேன்.

இருந்தான்.
ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி
தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்
திரும்பியும் வந்தது.
மற்ற ஜோடிகள் ஊசியை மஞ்சள் டப்பாவில் போடும் சத்தம்,
டக், டக்.
அவன் கடிகாரம் பார்க்கவில்லை. 'பயமா' என்று கேட்கவில்லை.
காத்திருந்ததில் அவன் கை நடுக்கமும்
எங்கோ போயிருந்தது.

"சரி, போடு."

சுருக்.
எறும்பே இல்லாத பிப்ரவரியில்
ஓர் எறும்பு.

என் முறை.
அவன் சட்டைக்கையைச் சுருட்டினான்.
தோளிலிருந்து முழங்கையை நோக்கி
நீல மையில் இறங்கியது ஒரு பெயர்:
மார்ஜரி ஆன்.
"யாரு?"
"படகு."
அதை விற்றுத்தான் இரண்டாம் ஆண்டுக் கட்டணம்
கட்டினார்களாம்.
இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன்,
முதல் பெயரின் கடைசி எழுத்தில் முட்டியது.
மூன்று வைத்தேன்,
இரண்டு சொல்லுக்கும் நடுவே வெறும் தோல்.
"மை மேல குத்தலாமா?"
டிசார்ட் உதட்டைப் பிதுக்கினாள்.
"புத்தகத்தில் பார்த்த ஞாபகம் இல்லை.
தோள் கொடுத்தவனைக் கேள்."

கேட்டேன்.
"எழுத்துல படாம" என்றான்,
கண்ணை இறுக மூடியபடி.

தொண்ணூறு பாகை. ஒரே வீச்சு. எடுத்துவிட்டேன்.
இடைவெளியில் ஒரு சொட்டு ரத்தம்
ஊறி நின்றது.
கண் திறந்து தலையைச் சாய்த்துப் படித்தான்:
"மார்ஜரி, புள்ளி, ஆன்.
இணையதள முகவரி மாதிரி இருக்கு."

"தேய்க்காதே, அழுத்திப் பிடி" என்று டிசார்ட்
அடுத்த மேசைக்குப் போனாள்.

பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், அது விதி,
உப்புநீர் ஆனாலும்.
சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலிகளில்
இருபத்திரண்டு பேரும்
ஆளுக்கொரு தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.
ஊசி போட்ட கோழித்தொடைகளை
என்ன செய்வது என்று
யாருக்கும் தெரியவில்லை.