அழுத்தி வைத்த ஆணி

சோப்பு டப்பா அளவுதான் பெட்டி.
தஞ்சாவூரிலிருந்து வந்த பெண்
மருந்து அலமாரி மேல் வைத்துவிட்டு
"ஒரு வாரம் இருக்கட்டும்க்கா, தொட்டுடாதீங்க" என்றாள்.
மேல் வரி கரியமில வாயு. கீழ் வரி நுண்தூசி.
மேல் வரி ஆயிரம் தாண்டினால்
அறை புழுங்குகிறது என்று அர்த்தமாம்.
எனக்கு இரவு டியூட்டி.
எண்களைப் பார்க்க நேரம் நிறைய.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் தாண்டி
அரிசி ஆலைக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவே எங்கள் இல்லம்.
ஒரே ஹால். பதினோரு கட்டில். ஒரு ஏ.சி.
அதன் நெற்றியில்
உபயம்: சி. முத்தையன் குடும்பத்தார், சிங்கப்பூர்.
அது வந்த அன்றே ஜன்னல்களுக்கு ஆணி அடித்தார்கள்.
குளிர் வெளியே போகக் கூடாது,
கொசு உள்ளே வரக் கூடாது,
உமிச்சாம்பல் விரிப்பில் விழக் கூடாது.
மூன்றும் நியாயம்தான்.
ஆடிக்காற்று அம்மியை நகர்த்துமாம்.
எங்கள் ஹாலில் அது
காலண்டர் தாளைக்கூட நகர்த்தியதில்லை.

ஒன்பது மணிக்குத் தொள்ளாயிரம்.
டயபர் மாற்றி, பினாயில் போட்டுத் துடைத்து,
கொசு மருந்தை பிளக்கில் செருகி உட்கார்ந்தேன்.
பன்னிரண்டுக்கு ஆயிரத்து எழுநூறு.
மூன்றுக்கு இரண்டாயிரத்து முந்நூறு.
யாரும் எதுவும் செய்யவில்லை. தூங்கினார்கள், அவ்வளவுதான்.
செல்லக்கண்ணு விட்டதை அருளப்பன் இழுத்தார்.
அருளப்பன் விட்டதை ஹமீது சுல்தான்.
தனி டம்ளர் வைத்திருக்கிற வைத்தியலிங்கம்
எல்லோருடையதையும்.

காலையில் எல்லோருக்கும் தலை கனக்கும்.
வாய் வறண்டு இருமுவார்கள்.
வியாழக்கிழமை வரும் டாக்டர்
"வயசு" என்பார்.
என் தலைவலியையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.
எனக்கு முப்பத்தாறு.

மாசியில் ஏழாம் கட்டிலுக்கு வந்த சளி
ஐந்தே நாளில் ஆறு கட்டில் ஏறியது.
நெபுலைசர் ஓயவில்லை.
இருவர் இறங்கவேயில்லை.
அந்த இரண்டு கட்டிலிலும் இப்போது வேறு ஆட்கள்.
அன்று ஒரு எண்ணும் இல்லை கையில்.

நாலாம் நாள் ராத்திரி
வாட்ச்மேனின் சுத்தியலை வாங்கி
ஆற்றுப் பக்கத்து ஜன்னலில் நான்கு ஆணிகளைப் பிடுங்கினேன்.
மூன்றாவது வளைந்துவிட்டது.

கண் தெரியாத அருளப்பன் கேட்டார்:
"யாரு வந்தா?"
"யாருமில்ல. காத்து."
"அதான் கேட்டேன்."

இருபது நிமிடத்தில் மேல் வரி எழுநூறு.
ஹமீது சுல்தான் திரும்பிப் படுத்தார்,
மாதக்கணக்கில் அவர் தானாகத் திரும்பியதில்லை.
காற்றினால்தான் என்று நான் சொல்லவில்லை.
குறித்து மட்டும் வைத்தேன்.

நாலரைக்கு ஆலையில் பாய்லர் மூட்டினார்கள்.
முதலில் நெல் அவியும் வாசனை,
எனக்குப் பிடித்ததுதான்,
அதன் பின்னாலேயே உமிப்புகை.
இப்போது கீழ் வரி ஏறியது. நாற்பது, தொண்ணூறு, நூற்றெழுபது.
ஓடிப்போய் சாத்தினேன்.

ஆக, திறப்பது மட்டும் போதாது.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:
பதினொன்றரைக்கு ஆலை அடங்கும், நாலரைக்குப் புகையும்.
மேல்காற்று என்றால் ஆற்றுப் பக்கம்.
தையில் வயலில் வைக்கோல் எரித்தால் எந்தப் பக்கமும் இல்லை,
அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாரம் முடிந்து அந்தப் பெண் பெட்டியை எடுக்க வந்தாள்.
கோட்டுப்படத்தைப் பார்த்துவிட்டு
"நாலாம் நாள்லேர்ந்து மெஷின் கோளாறாக்கா?" என்றாள்.
நோட்டை நீட்டினேன்.
படித்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.
கரண்ட் பில்லோடு செயலாளர் உள்ளே நுழைந்தார்.
நோட்டை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி இல்லாமல் ஒரு மாதம் ஆகிறது.
நாலரைக்கு முன்னால் ஜன்னலைச் சாத்தி
நான்கு ஆணிகளையும் பழைய துளையிலேயே
கட்டைவிரலால் அழுத்தி வைக்கிறேன்.
வளைந்தது கொஞ்சம் துருத்தும்.
தூரத்திலிருந்து பார்த்தால்
அடித்த மாதிரியே இருக்கும்.