ஆறரை லட்சம்

பல் வைத்தியரின் முன்னறையில்
பெயர் எழுதுகிறேன், இலக்கம் கொடுக்கிறேன்,
வலிக்கிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிறேன்.
கைக்கு வருவது மாதம் அறுபத்திரண்டாயிரம்.

பணப்பையில் மூன்று அட்டைகள்.
முதலாவது சம்பளக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது,
ஒன்றரை லட்சம். நான் கேட்கவில்லை.
இரண்டாவது ஹட்டன் பஸ் நிலையத்தில்.
டை கட்டிய பொடியன் ஒருவன் மேசை போட்டிருந்தான்.
"கையெழுத்து மட்டும் போதும் மிஸ், குடை இலவசம்."
அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது குடைதான்.
குடைக்குப் பின்னால் இரண்டு லட்சம் வந்தது.
மூன்றாவது சலவை இயந்திரத்துக்கு.
இந்த ஊரில் ஒரு சீலை காய மூன்று நாள்.
பன்னிரண்டு தவணை, வட்டி இல்லை,
எல்லை மூன்று லட்சம்.

விண்ணப்பத்தில் முகவரிக்கு
தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் எழுதினேன்.
"வீட்டு இலக்கம்?" என்றான் பொடியன்.
லயத்துக்கு எங்கே இலக்கம்.
இலக்கமில்லாத வீட்டை
ஆறரை லட்சம் எப்படியோ கண்டுபிடித்து வந்துவிட்டது.

இரவில் கூட்டிப் பார்ப்பேன்.
பத்தரை மாதம் நான்
சாப்பிடாமல், பஸ் ஏறாமல்,
மின்சாரப் பட்டியலைத் திறக்காமல் இருந்தால்
ஆறரை லட்சம்.
வாங்கவில்லை இன்னும். வாங்கலாம் என்கிறார்கள்.
வாங்கலாம் என்பது
தலைமாட்டில் உட்கார்ந்து
விடியும் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை தம்பி பிரதீபன்
குரல் செய்தி அனுப்பினான்.
கத்தாருக்கு ஏஜென்ட் நாலரை கேட்கிறானாம்.
"உன்னிட்ட ஆறரை இருக்குதானே அக்கா.
ஞாயிறு வாறேன், பேசுவம்."
இருக்கிறது என்றான்.
அவனுக்கு அது இருப்பு.
எனக்கு அது எல்லை.

நூற்றுக்கு இருபத்தாறு, வருடத்துக்கு.
நோயாளர் அட்டையின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன்:
மாதம் வட்டி மட்டும் ஒன்பதாயிரத்து எழுநூற்றைம்பது.
அங்கே வேலை இருந்தால் அனுப்புவான்.
அனுப்புவான், எனக்குத் தெரியும்.
இருந்தால்.

வியாழன் மத்தியானம், சோற்றுப் பொதியைத் திறக்காமல்,
தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
பதினாறு நிமிடம் புல்லாங்குழல்.
"எல்லையைக் கூட்டவா மேடம்?"
குறைக்க.
"கூட்டுவதற்கா?"
குறைக்க, தங்கச்சி.
கொழும்பில் ஒரு விசைப்பலகை நின்றுபோனது.
அவள் திரையில் காரணங்கள் இருந்தன:
கலியாணம், வெளிநாட்டுப் பயணம், வைத்தியச் செலவு.
எல்லாம் கூட்டுவதற்கு.
"என்ன காரணம் போடட்டும்?"
சம்பளம் என்று போடுங்கள்.
"சம்பளம் குறைஞ்சிட்டா மேடம்?"
இல்லை. அதே சம்பளம்தான்.

முதலாவது அறுபதாயிரமானது.
மூன்றாவது, தவணை முடியாததால், ஒரு லட்சம்.
இரண்டாவதை
தையல் நூல் வெட்டும் சின்னக் கத்தரியால்
நாலாக வெட்டி
பஞ்சுக் குப்பையோடு போட்டேன்.
எடுத்த பற்களும் அங்கேதான் போகும்.

ஞாயிறு தம்பி வந்தான்.
நெத்தலிக் கருவாடும் பருப்பும். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.
நான் கைபேசியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.
பார்த்தான். விரலால் மேலே தள்ளி, கீழே தள்ளிப் பார்த்தான்.
"எப்ப இருந்து இப்பிடி?"
வியாழக்கிழமையில இருந்து, என்றேன்.
வேறு நாள் ஒன்று சொல்லியிருக்கலாம்.

கை கழுவ வெளியே போனவன்
நெடுநேரம் கழுவினான்.
மழை பிடித்துக்கொண்டது.
ஒன்றும் சொல்லாமல்
கதவுக்குப் பின்னால் கிடந்த குடையை எடுத்தான்.
வங்கியின் பெயர் பெரிய எழுத்தில்
மலைச்சரிவில் இறங்கி
வளைவில் ஒருமுறை தெரிந்து
போய்விட்டது.
அட்டையை நிறுத்தியபோது
குடையைத் திருப்பிக் கேட்கவில்லை அவர்கள்.
நானும் கேட்க மாட்டேன்.

உள்ளே இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.
இன்னும் நாலு தவணை.
உள்ளே கிடப்பதில் ஒன்று அவனுடைய சட்டை,
ஏஜென்டைப் பார்க்கப் போட்டுக்கொண்டு போக
துவைத்துத் தரச் சொல்லிக்
காலையில் கொண்டு வந்தது.