ஈரப்பதம் பதினேழு

பதினோராம் அத்தியாயத்தில்
மழைக்கடவுளை நீடாமங்கலத்தில் இறக்கிவிட்டேன்.
மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் வட்டக் கண்கள்,
மேலுதட்டில் சுருண்ட பாம்பு, கோரைப்பல்.
பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கண்டக்டர் மட்டும்
"சில்லறையா இருந்தா குடுங்க" என்றார்.

த்லாலோக் என்பது அவர் பெயர்.
மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்று
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த விதி
அவரை எல்லையிலேயே மறித்தது.
முன்னால் ஓர் இகரம் போட்டுப் பார்த்தேன்,
இத்லாலோக்கு.
காய்ச்சல் மாத்திரை மாதிரி இருந்தது.
சுமைதூக்கும் வைரக்கண்ணு இரண்டு தரம் சொல்லிப் பார்த்ததில்
தாளாளன் ஆகிவிட்டார்.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்,
பருவகாலம் மட்டும்.
பகலில் மூட்டைக் கணக்கு.
இரவுக் காவலுக்கு ஆள் வராத நாட்களில்
தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து
கட்டைவிரலால் போனில் நாவல் தட்டுகிறேன்.
ஐந்தாம் சூரியனின் கீழே நடக்கிற கதை.
நான்காவதை ஒரு நதிக்காரி அழுதே மூழ்கடித்தாளாம்,
பச்சைக்கல் பாவாடை கட்டியவள்.
அவளை மூணாறு தலைப்பில் விட்டிருக்கிறேன்,
மூன்றாகப் பிரிந்து
எந்தக் கால் தன்னுடையது என்று தெரியாமல் நிற்கிறாள்.
அவள் அத்தியாயம் இன்னும் வரவில்லை.

தை பிறந்தும் மழை விடாத வருஷம்.
அறுத்த சம்பா தார்ப்பாய்க்குள் புழுங்குகிறது.
கதையிலும் அதே தை, அதே தார்ப்பாய்.
கடவுளை வரிசையில் நிறுத்தினேன்,
நூற்று நாற்பதாவது ஆள்,
தானே பெய்து தானே நனைத்த நெல்லோடு.

ஒரு பிடி அள்ளி மீட்டரில் போட்டேன். இருபத்திரண்டு.
"பதினேழுக்கு மேல எடுக்க மாட்டோம்.
காயவச்சுக் கொண்டாங்க."
அவர் மீட்டரின் கிண்ணத்தில் தன் விரலை வைத்தார்.
எண்கள் ஓடின, ஓடின,
அப்புறம் திரையில் ஒன்றுமே இல்லை.

தகப்பனார் பெயர்?
யோசித்தார். மலை என்றார்.
அடங்கல் இருக்கா?
"மேகம் எந்தக் கிராமத்துக் கணக்கில் வரும்?"

பழைய ஊரில் அவருக்குக் குழந்தைகளைக் கொடுத்தார்கள்.
மலையேறும் வழியில் குழந்தை அழுதால் மழை நிச்சயம்.
அழாவிட்டால் அழவைத்தார்கள்.
அந்த வரியைப் படித்த இரவு
நாவலை மூடினேன், மூன்று வாரம் திறக்கவில்லை.
இப்போது வருகிற கதைகளில் இவருக்குத்
தோல் சட்டை, மோட்டார் பைக், கண்ணில் நீல வெளிச்சம்;
குழந்தைகளைப் பற்றிப் பேச்சே இல்லை.
இல்லையென்றால் அதை மட்டுமே பேசுகிறார்கள்,
ரத்தம் சொட்டச் சொட்ட.
எனக்கு இரண்டும் கையில் ஒட்டவில்லை.

ஆகவே
வரிசையில் அவருக்குப் பின்னால்
அஞ்சலாட்சியை நிறுத்தினேன்,
இடுப்பில் எட்டு மாதப் பெண்ணோடு.
பிள்ளைக்குப் பசி. உதடு பிதுங்கியது.
கடவுள் வெலவெலத்துப் போனார்.
"அழாதே தாயி, அழாதே,
நீ அழுதா என்னால அடக்க முடியாது,
அத்தனையும் நனைஞ்சிடும்."
சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள்.
ஒருவன் காக்காய் மாதிரி கத்தினான்.
தாளாளன் மண்டியிட்டு
தன் உதட்டுப் பாம்பை எடுத்து
அதன் கையில் விளையாடக் கொடுத்தார்.

காலையில் வைரக்கண்ணு படித்துவிட்டுக் கேட்டான்:
"எல்லாம் சரி, அந்த இருபத்திரண்டு என்ன ஆச்சு?
மூட்டைய எடுத்தியா, இல்லியா?"
பதினேழு என்று எழுதினேன் என்றேன்.
கதையில்தானே.
அவன் சிரிக்கவில்லை.
அவனுடைய மச்சான் நான்கு நாளாக வாசலில் படுத்திருக்கிறான்,
இருபது புள்ளி மூன்றோடு.

பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பு வைக்கும்போது
வெளியே தார்ப்பாய் படபடத்தது. முதலில் நாலைந்து துளி.
போனைக் கவிழ்த்துவிட்டு
யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க எழுந்தேன்.